முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: கடையில் எதை வாசித்துப் பார்ப்பது, எதைத் தொட்டுப் பார்ப்பது?

ஆறுகம்பி_பாளை

வணக்கம். எனக்கு ஊர் பாளையங்கோட்டை. நான்கு வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன், பெரும்பாலும் எங்கள் சர்ச் பாடகர் குழுவோடு. இப்போது முதல்முறையாக எலெக்ட்ரிக் வாங்கப் போகிறேன். கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், அதனால் தப்பாக எதையாவது வாங்கிவிடுவேனோ என்று தூக்கம் வராமல் யோசிக்கிறேன்.

அடுத்த வாரம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குச் சென்னை போகிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் முழுக்க எனக்கு வேலை இல்லை. அண்ணா சாலைப் பக்கம் போய், 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிக்கலில் தொடங்கி இரண்டு மூன்று கடை ஏறி இறங்கலாம் என்று இருக்கிறேன். மனதில் இருப்பவை ஸ்குவையர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், யமஹா பசிஃபிகா, எபிஃபோன் லெஸ் பால்.

ஒப்பீட்டு வீடியோ நாற்பது ஐம்பது பார்த்துவிட்டேன். ஒன்றுக்கொன்று சத்தம் வேறு என்பது காதுக்குத் தெரிகிறது. எனக்கு எது வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் சர்ச்சில் கீர்த்தனைகள் அதிகம். வயலின் வாசிக்கும் ஐயா ஒருவர் ஒவ்வொரு சுரத்தையும் வளைத்து, இழைத்து வாசிப்பார். அதைக் கிட்டாரில் கொண்டுவர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அக்கூஸ்டிக்கில் கம்பியை இழுத்தால் விரல் தோல் உரிகிறதே தவிர சுரம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை.

என் நண்பன் போன வருடம் பார்க்காமலேயே ஒரு கிட்டார் வரவழைத்தான். முதல் கம்பி (இருப்பதிலேயே மெல்லியது) ஃபிரெட்போர்டின், அதாவது விரல் வைத்து அழுத்தும் பலகையின், ஓரத்தை விட்டு வழுக்கிக்கொண்டே இருந்தது. தனக்குக் கிட்டார் வராது என்று முடிவு கட்டி, பீரோ மேல் தூக்கிப் போட்டுவிட்டான். அவனுக்கு நேர்ந்தது எனக்கும் நேரக் கூடாது. ஒரு நாளில் என்னென்ன பார்க்க வேண்டும், சொல்லுங்கள்.

வைகை_லீட்

தம்பி, நான் மதுரை. 1999-லிருந்து ஆர்கெஸ்ட்ராவில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். கச்சேரி இல்லாத நாட்களில் வீட்டில் கிட்டார் செட்டப், ஃபிரெட் (பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வேலை பார்க்கிறேன். "இந்தக் கிட்டார் சரியில்லை அண்ணே" என்று கொண்டுவருவார்கள். பல நேரம் அரை மணி நேர ஸ்க்ரூடிரைவர் வேலையில் அதே கிட்டார் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். சில கிட்டார்களை என்னால் ஒன்றுமே செய்ய முடியாது. வந்தவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது எனக்கு ரொம்பக் கஷ்டமான காரியம். அதனால் கடைக்குள் நுழையும்போது இதை நினைவில் வைத்துக்கொள்: எது ஸ்க்ரூடிரைவருக்கு மாறும், எது மாறாது என்று பிரித்துப் பார்க்கத்தான் நீ போகிறாய்.

மாறுபவை: கம்பியின் உயரம், பழைய கம்பி, இன்டொனேஷன் (எந்த ஃபிரெட்டில் அழுத்தினாலும் சுருதி சரியாக வருவது), பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளின்) உயரம். நெக்கின் (கிட்டாரின் கழுத்து) முன்பின் வளைவு கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் அதற்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஃபிரெட்டின் ஓரம் கையைக் கீறினால் அரம் வைத்துத் தேய்த்துவிடலாம். மரம் உலர்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால்தான் ஃபிரெட் முனை வெளியே நீட்டும். ஏசி கடையில் மாதக்கணக்கில் தொங்கிய கிட்டாரில் இதைப் பார்த்தால் பயப்படாதே, விலையில் கொஞ்சம் குறைத்துக் கேள்.

மாறாதவை: முறுக்கிய நெக், நெக்கின் தடிமன், எடை, நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் கம்பி பதியும் துண்டு) பிரிட்ஜ் (உடலில் கம்பியைத் தாங்கும் பாகம்) வரை உள்ள கம்பி நீளம். நான் 1998-ல் முதல் எலெக்ட்ரிக் வாங்கியபோது சன்பர்ஸ்ட் நிறத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் நெக் முறுக்கியிருப்பது தெரிந்தது. ட்ரஸ் ராட் வளைவை நிமிர்த்தும், முறுக்கை ஒன்றும் செய்யாது. அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணம் அது. அந்தக் கிட்டாரை ஒரு கச்சேரிக்குக்கூட எடுத்துப் போக முடியவில்லை. நீ அந்த வருத்தம் படக் கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முறுக்கைப் பார்ப்பது எளிது. ஹெட்ஸ்டாக்கை (சுருதி திருகுகள் உள்ள தலைப்பகுதியை) கண்ணருகில் வைத்து, துப்பாக்கி குறி பார்ப்பது போல நெக் வழியே பிரிட்ஜ் வரை பார். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி ஓட வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் எழும்பினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடு, எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும். அடுத்து, ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் பார். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது.

முதல் பதினைந்து நிமிடம் ஒயரைச் செருகாதே. கிட்டாரை எடுத்ததும் ஆம்ப்பில் (ஒலிபெருக்கிப் பெட்டியில்) சொருகி டிஸ்டார்ஷன் (ஒலியை முரடாக்கும் எஃபெக்ட்) போட்டால் எல்லாக் குறையும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். மெதுவாக, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசி. 21 ஃபிரெட் என்றால் 126 சுரம், ஐந்து நிமிட வேலைதான். எங்கே கரகரக்கிறது, எங்கே சத்தம் சட்டென்று செத்துப்போகிறது என்று கேள். லேசான கரகரப்பு ஆம்ப்பில் கேட்காவிட்டால் பரவாயில்லை, எலெக்ட்ரிக்கில் கம்பி தாழ்வாக இருப்பதால் அது வரும். ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் சுரம் சாகிறது என்றால் அந்த ஃபிரெட்டிலோ அடுத்ததிலோ கோளாறு, அந்தப் பீஸை வைத்துவிடு. உன் நண்பனுக்கு நேர்ந்ததைச் சோதிக்க, முதல் கம்பியைப் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தித் தரைப்பக்கமாக லேசாகத் தள்ளிப் பார். எளிதில் வழுக்கி வெளியே போனால் வேண்டாம்.

அப்புறம் இழுப்பு. உனக்கு வேண்டியது இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

அக்கூஸ்டிக்கில் மூன்றாவது கம்பி சுற்றுக் கம்பியாக இருக்கும், எலெக்ட்ரிக்கில் அது வெறும் கம்பி. தடிமனும் குறைவு. ஸ்ட்ராட் வகைகளில் பெரும்பாலும் 9-42 செட் (முதல் கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு, ஆறாவது 42 பங்கு தடிமன்) போட்டு வரும், உன் அக்கூஸ்டிக்கில் முதல் கம்பி அநேகமாக 12 இருக்கும். அதனால் எந்த எலெக்ட்ரிக்கை எடுத்தாலும் முதல் நாளே இழுக்க வரும். அதைக் கண்டு சந்தோஷத்தில் கையில் கிடைத்ததை வாங்கிவிடாதே. ஸ்ட்ராட்டுக்கும் பசிஃபிகாவுக்கும் கம்பி நீளம் 648 மில்லிமீட்டர், லெஸ் பாலுக்கு ஏறத்தாழ 628. ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் நீளமானதில் சுமார் 6 சதவீதம் இறுக்கம் கூடும். லெஸ் பால் விரலுக்குத் தளர்வாகத் தெரியும். ஆனால் லெஸ் பாலில் 10-46 கம்பி போட்டிருந்தால் அந்த வித்தியாசம் சமனாகிவிடும். ஆகவே எதில் எந்தக் கம்பி என்று கடைக்காரரிடம் கேட்காமல் ஒப்பிடாதே.

ஃபிரெட்போர்டின் வட்டம் (குறுக்கு வளைவின் ஆரம்) எவ்வளவு என்றும் கேள். அதை அங்குலத்தில் சொல்வார்கள். எண் கூடக் கூடப் பலகை தட்டை. பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்களில் 7.25, இன்றைய ஸ்குவையரில் பெரும்பாலும் 9.5, லெஸ் பாலில் 12, பசிஃபிகா 112வி-யில் 13.75. வட்டமான பலகையில் கார்டு (பல சுரத்தைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது) பிடிக்கச் சுகம், ஆனால் கம்பி தாழ்வாக இருக்கும்போது மேலே நெடுக இழுத்தால் கம்பி அடுத்த ஃபிரெட்டில் உரசிச் சுரம் அறுந்துவிடும். பதினான்காவது ஃபிரெட்டில் முதல் கம்பியையும் இரண்டாவது கம்பியையும் ஒன்றரை சுரம் (மூன்று ஃபிரெட் அளவு) வரை இழுத்துப் பிடித்து நில். கடைசி வரை சுரம் உயிரோடு இருக்கிறதா என்று கேள்.

கடைசியாக, ஸ்ட்ராட், பசிஃபிகா போன்றவற்றில் ட்ரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஆட்டக்கூடியது) இருக்கும். பின்னால் ஸ்பிரிங்கின் பலத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஒரு கம்பியை இழுத்தால் பிரிட்ஜ் கொஞ்சம் முன்னால் சாயும், மற்ற ஐந்து கம்பியும் சுருதி இறங்கும். கீர்த்தனையில் ஒரு கம்பியைச் சுருதிக்கு விட்டு இன்னொன்றில் வளைத்து வாசித்தாய் என்றால் காது கூசும். லெஸ் பாலில் பிரிட்ஜ் அசையாது, இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ட்ரெமலோவிலும் ஸ்பிரிங்கை இறுக்கி பிரிட்ஜை மரத்தோடு அமர வைத்துவிடலாம். ஸ்க்ரூடிரைவரில் மாறுவது, அதனால் இதற்காக ஒரு நல்ல கிட்டாரை ஒதுக்காதே.

ஒயரைச் செருகிய பிறகு: எல்லாவற்றையும் ஒரே ஆம்ப்பில், ஒரே இடத்தில், சுத்தமான சத்தத்தில் கேள். குமிழ்களை நடுவில் வை. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ளதற்கு இயல்பாகவே சத்தம் கூட வரும், சத்தம் கூடியது காதுக்கு எப்போதும் நல்லதாகத் தோன்றும். ஒவ்வொரு முறையும் வால்யூமைச் சமப்படுத்திக்கொண்டு கேட்டால்தான் நியாயம். சிங்கிள் காயிலில் (ஒற்றைச் சுருள் பிக்கப்பில்) உம்ம்ம் என்று ஓர் இரைச்சல் இருக்கும், நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அது. கிட்டாரோடு நின்ற இடத்திலேயே சுற்றிப் பார், ஒரு திசையில் கூடும், ஒரு திசையில் குறையும். ஹம்பக்கரில் இரண்டு சுருள் எதிரெதிராக இருந்து இந்த இரைச்சலை அடித்துவிடும், அதற்காகவே 1950-களில் லெஸ் பால் செய்த கிப்சன்காரர்கள் உண்டாக்கியது. திருவிழா மேடையில் சீரியல் லைட்டுக்கு நடுவே நின்று வாசித்தவனுக்கு அதன் அருமை தெரியும். உங்கள் சர்ச்சில் மின்விளக்கு ஜாஸ்தியா, ஜெபத்தின்போது எல்லாரும் அமைதியாக இருக்கையில் உன் ஆம்ப் இரைந்தால் பரவாயில்லையா என்று யோசித்துக்கொள்.

கயல்_கோவை

வைகை அண்ணா சொன்னதில் சேர்க்க எனக்கு ஒன்றுதான் உண்டு: நின்றுகொண்டு வாசித்துப் பாருங்கள். கடையில் ஸ்டூல் போட்டுக் கொடுப்பார்கள், உட்கார்ந்தபடியே முடிவெடுத்துவிடுவோம். நான் அப்படித்தான் 4 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றை வாங்கினேன். மடியில் அருமையாக இருந்தது. கல்லூரி விழாவில் ஒன்றரை மணி நேரம் தோளில் போட்டேன், மறுநாள் இடது தோளைத் தூக்க முடியவில்லை. இரண்டு வருடத்தில் விற்றுவிட்டு 3.3 கிலோவில் ஒரு ஸ்ட்ராட் வகைக்கு மாறினேன். விலாவும் முன்கையும் படும் இடத்தில் மரத்தைச் செதுக்கியிருக்கும் அந்த வடிவம் 1954-லிருந்து அப்படியே தொடர்வதற்குக் காரணம் இருக்கிறது. சொந்த ஸ்ட்ராப் எடுத்துப் போங்கள். இரண்டு கையையும் விட்டுவிட்டு நில்லுங்கள். நெக் தானாகக் கீழே சாய்ந்தால் இடது கை வாழ்நாளெல்லாம் அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும்.

என் கை சிறியது. நெக் தடிமன் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். இதை மில்லிமீட்டரில் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. எஃப் பார் கார்டை (ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிப்பது) பிடித்து இரண்டு நிமிடம் விடாமல் வாசித்தேன், கட்டைவிரலின் அடியில் வலி வருகிறதா என்று பார்த்தேன். அதில் தெரிந்துவிட்டது.

விற்பனையாளர் தானே வாசித்துக் காட்ட வருவார். அன்பாகத்தான் செய்வார், ஆனால் நீங்கள் கேட்பது அவர் விரலின் சத்தம். நன்றி சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டுப் பாதியில் வைத்துவிடாதீர்கள். நான் முதல் தடவை அப்படி வைத்துவிட்டு வந்தேன், இன்றும் அந்த நாள் வீணாகப் போனதே என்று நினைப்பேன். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கீர்த்தனை போதும். எல்லாக் கிட்டாரிலும் அதையே வாசியுங்கள்.

பாம்பன்_தந்தி

எல்லோராலும் சென்னைக்குப் போக முடிவதில்லை. எங்கள் பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார் தொங்கும் கடையே கிடையாது. நான் பார்க்காமல் வரவழைத்ததுதான், நன்றாக இருக்கிறது. ஆனால் பார்சல் வந்த அன்றே திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்று காலண்டரில் குறித்து வைத்தேன். பெட்டி, தெர்மோகோல், பிளாஸ்டிக் உறை எதையும் தூக்கிப் போடவில்லை. வைகை அண்ணா எழுதிய சோதனைகளை வீட்டில் செய்யலாம். முதலில் வந்த பீஸில் ஜாக்கை லேசாக அசைத்தாலே சத்தம் விட்டு விட்டு வந்தது, மாற்றிக் கொடுத்தார்கள். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். உப்புக் காற்றில் என் கம்பிகள் மூன்று வாரத்தில் துருவேறும்.

ஆறுகம்பி_பாளை

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்தேன். வாங்கிவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன், என்னைப் போல இன்னொருவர் தேடி வந்தால் உதவும்.

காலை பதினொன்றுக்கு ஆரம்பித்து மாலை ஆறு வரை மூன்று கடை. மொத்தம் ஒன்பது கிட்டார் கையில் எடுத்தேன். ஸ்ட்ராப், பிக், ட்யூனர், ஒரு நோட்டு எடுத்துப் போயிருந்தேன். முதல் கடையில் கை நடுங்கியது உண்மை. ஒயர் செருகாமல் 126 சுரத்தையும் வாசிக்க ஆரம்பித்ததும் கடைப் பையன் ஒருவர் அருகில் வந்து நின்றார். அவரும் ஏதோ பாண்டில் வாசிப்பவராம். "இப்படிப் பார்க்கிறவங்க ரொம்பக் கம்மி" என்று சொல்லி, உள்ளே இருந்து அதே மாடலில் இன்னொரு பீஸ் எடுத்து வந்து கொடுத்தார். அங்கேதான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. ஒரே மாடல், ஒரே நிறம். ஒன்றில் பதினைந்தாவது ஃபிரெட்டில் இழுத்தால் சுரம் அறுந்தது, இன்னொன்றில் நீளமாக நின்றது. நாற்பது வீடியோவிலும் இது இல்லை.

லெஸ் பால் என் மனதில் முதலிடத்தில் இருந்தது. பின் பிக்கப்பில் வைத்து ஒரு கார்டு அடித்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது, இன்னும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. கம்பியும் விரலுக்கு மெத்தென்று வளைந்தது. ஆனால் நின்றுகொண்டு இருபது நிமிடம் வாசித்தேன், தோள் சொல்லிவிட்டது. எங்கள் ஞாயிறு ஆராதனை இரண்டு மணி நேரம். கயல் அக்கா எழுதியிராவிட்டால் உட்கார்ந்தபடியே வாங்கியிருப்பேன்.

ஸ்குவையர் ஸ்ட்ராட் மடியிலும் தோளிலும் இருப்பதே தெரியவில்லை. ஐந்து வழி சுவிட்சில் நெக் பிக்கப்பும் நடு பிக்கப்பும் சேரும் இடத்தில் ஒரு சத்தம் வரும், மணி அடித்தது போல. கீர்த்தனைக்குக் கார்டு பிடிக்க அதைவிட அழகு இல்லை. ஃபிரெட்போர்டு மரத்துக்கு இண்டியன் லாரல் என்று எழுதியிருந்தார்கள். தேடிப் பார்த்தால் அது நம் கருமருது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தாத்தா காட்டிக் கொடுத்த மரம். அதைக் கிட்டாரில் தொட்டபோது இனம் தெரியாத ஒரு சந்தோஷம்.

அதை வாங்காமல் விட்டதற்கு இரைச்சல்தான் காரணம். எங்கள் சர்ச்சில் பீடத்தைச் சுற்றி டிம்மர் வைத்த விளக்கு வரிசை உண்டு. கடையில் ட்யூப்லைட் பக்கம் திரும்பியபோதே உம்ம்ம் என்றது. ஜெப வேளையை நினைத்துப் பார்த்தேன்.

கடைசியில் யமஹா பசிஃபிகா 112வி. முன்னால் இரண்டு சிங்கிள் காயில், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர். டோன் குமிழை இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும். அப்போது இரைச்சலும் திரும்ப வருகிறது, அது புரிந்துதான் வாங்கினேன். ஜெப வேளையில் சுவிட்சைப் பின்னால் தள்ளி ஹம்பக்கருக்கு வந்துவிடலாம். பலகை தட்டையாக இருப்பதால் பதினான்காவது ஃபிரெட்டில் இரண்டாவது கம்பியை ஒன்றரை சுரம் இழுத்து, எட்டு எண்ணும் வரை பிடித்தேன். சுரம் சாகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வயலின் ஐயா வாசிக்கும் ஒரு வரியை வாசித்தேன். அவர் அளவுக்கு வராது, ஆனால் முதல் முறையாக அந்த வளைவு என் விரலிலிருந்து வந்தது. அந்த நொடியில் முடிவு செய்துவிட்டேன். நோட்டில் எழுதி வைத்த மற்றதெல்லாம் அதற்கு ஆமாம் போட்டது.

பணத்தில் பெரும்பகுதி கிட்டாருக்கே போய்விட்டது. ஆம்ப் இரண்டு மாதம் கழித்துத்தான். அதுவரை சர்ச்சில் இருக்கும் பழைய எஃபெக்ட் பெட்டி வழியாக மிக்சரில் செருகிக்கொள்கிறேன்.

அண்ணா, நீங்கள் சொன்ன ட்ரெமலோ விஷயம் உண்மை. இரண்டாவது கம்பியை இழுத்துக்கொண்டு ஆறாவது கம்பியை ட்யூனரில் பார்த்தேன், முள் தெளிவாக இறங்குகிறது. பிரிட்ஜை மரத்தோடு அமர வைக்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடித்து பஸ் ஏறினால் சாயங்காலம் மதுரை வந்துவிடுவேன். வரலாமா?

வைகை_லீட்

தாராளமாக வா தம்பி. நான் ஏழு மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன். புதுக் கம்பி ஒரு செட் வாங்கிக்கொண்டு வா, 9-42 தான், வேறு தடிமன் வேண்டாம். தடிமன் மாறினால் ஸ்பிரிங், நெக், இன்டொனேஷன் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். நீயாக ட்ரஸ் ராடில் கை வைக்காதே. பஸ்ஸில் மேலே போடாமல் மடியிலேயே வைத்துக்கொள். உன் நண்பனையும் கூட்டி வா, பீரோ மேல் இருக்கும் கிட்டாரோடு. நெக்கை உடலோடு பிணைக்கும் நான்கு திருகில் ஒன்று தளர்ந்து நெக் ஒரு பக்கம் நகர்ந்திருந்தாலும் முதல் கம்பி அப்படி வழுக்கும். அதுவாக இருந்தால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்.